சால்வையும் கம்பளியும்: பொகவந்தலாவையில் துயிலும் ஜூலியா மார்கரட் கமரன்

பொகவந்தலாவையில் படித்த எம் எல்லோருக்கும் கமரன் என்ற பெயர் தெரியும். சரித்திரப் பாடத்தில் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று மனனம் செய்தோம். 1833 என்ற ஆண்டை விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அந்தக் கமரன் எமது ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதைப் பாடசாலைக் காலத்தில் எம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அவருக்குப் பக்கத்தில் துயிலும் அவருடைய மனைவி கணவரை விட உலகப் புகழ் பெற்றவர் என்பதை அறிந்தவர் இன்னும் குறைவு. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் இருக்கும் அந்த எளிய கல்லறையைத் தேடி வெளிநாட்டார் பலர் வருவது அந்த அம்மையாருக்காகவே. புகைப்படக் கலையின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஜூலியா மார்கரட் கமரன் அவர்.

இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்கத் தொடங்கியபோதுதான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எமக்கு வந்தது. தோடு, மூக்குத்தி, அட்டியல், முக்காடு, கம்பளி என்று எங்கள் பாட்டிமார் அணிந்தவை அந்தப் படங்களில் நிறைந்து கிடந்தன. பழைய படத்தில் ஓர் அணிகலன் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கற்றுக்கொள்ள இவருடைய வாழ்க்கை நல்லதொரு பாடம்.

சால்வை போர்த்திய சகோதரிகள்

ஜூலியா 1815 ஜூன் 11 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டல் கிழக்கிந்தியக் கம்பனியின் உயர் அலுவலர். தாய் அட்லீன் பிரெஞ்சு வழி வந்தவர். பாட்டல் வீட்டுப் பெண்கள் அழகுக்குப் பெயர் போனவர்கள். ஜூலியா மட்டும் அந்த அழகில் சேராதவர் என்று உறவினரே சொல்வார்கள். ஆனால் சுறுசுறுப்பிலும் கொடுக்கும் கையிலும் அவருக்கு இணையாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

இந்தச் சகோதரிகளின் உடை ஐரோப்பியருக்கு வியப்பாக இருந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறிய பின்னும் அவர்கள் இந்தியத் துணிகளால் தாமே தைத்த தளர்ந்த அங்கிகளை அணிந்தார்கள். தோளில் காஷ்மீரச் சால்வை, கையில் வளையல். தமக்குள் ஹிந்துஸ்தானியில் பேசிக்கொள்வார்கள். அக்காலத்து இங்கிலாந்துச் சீமாட்டிகளோ 1850களின் நடுப்பகுதியிலிருந்து உருக்கு வளையங்கள் கோத்த கூண்டுப் பாவாடையும், தாடையில் நாடா கட்டிய தொப்பியும், கையுறையும், சிறு குடையுமாக நடமாடினார்கள். அந்தக் கூட்டத்தில் பாட்டல் சகோதரிகள் தனித்துத் தெரிந்தார்கள்.

காஷ்மீரச் சால்வைக்கு ஐரோப்பாவில் அப்போது இருந்த மதிப்பு கொஞ்சமல்ல. அசல் சால்வை வாங்க வசதியில்லாதவர்களுக்காக ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகளில் அதே போல நெய்து விற்றார்கள். நாம் சேலைக் கரையில் மாங்காய் என்று சொல்லும் அந்த வளைந்த பூவேலைக்கு ஆங்கிலத்தில் அந்த நகரின் பெயரே நிலைத்துவிட்டது. சால்வை என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு ஒரு வழியாகவும் ஆங்கிலத்துக்கு இன்னொரு வழியாகவும் போனதே.

கணவரும் குடும்பமும்

1836 இல் உடல்நலம் தேறுவதற்காக ஜூலியா தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தார். அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல். புகைப்படம் என்ற புதுமை பிறந்தபோது அதன் மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஜூலியாவுக்குக் காட்டியவர் அவர்தான். மற்றவர் சார்ல்ஸ் ஹே கமரன். இலங்கையின் நீதி முறையை ஆராய்ந்து அறிக்கை தந்துவிட்டு, இந்தியாவில் மெக்காலேயுடன் சட்டத் தொகுப்பு வேலையில் ஈடுபட்டிருந்தவர். ஜூலியாவை விட இருபது வயது மூத்தவர். 1838 இல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

சார்ல்ஸ் இலங்கையை மறக்கவே இல்லை. மலைநாட்டில் காணிகள் வாங்கினார், கோப்பி பயிரிட்டார். 1848 இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போன பிறகும் அவருடைய நினைவு இந்த மலைகளிலேயே இருந்தது. கோப்பித் தோட்டங்களைப் பார்க்க அவர் கப்பலேறும் போதெல்லாம் ஜூலியா பிள்ளைகளோடு தனித்திருந்தார். 1860 இல் அவர்கள் வைற் தீவில், பிரெஷ்வோட்டர் என்ற இடத்தில், கவிஞர் டெனிசனின் வீட்டுக்கு அருகே வீடு வாங்கினார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு கருவி

1863 டிசம்பரில் சார்ல்ஸ் இலங்கையில் இருந்தார். தாயின் தனிமையைப் போக்க மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆறு பிள்ளைகளின் தாய். பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருக்க வேண்டிய வயது என்று பிறர் நினைத்திருப்பார்கள். அவரோ கோழிக்கூட்டைக் காலி செய்து படப்பிடிப்பு அறையாக்கினார், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். ஒரு மாதத்துக்குள், 1864 ஜனவரியில், ஆனி பில்பொட் என்ற சிறுமியின் முகத்தை எடுத்து, அதையே தமது முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

அன்றைய புகைப்படம் விரலால் தட்டி எடுக்கும் இன்றைய படம் போன்றதல்ல. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கருவியில் வைத்து எடுத்து, உடனே கழுவ வேண்டும். பின்னர் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் அச்செடுக்க வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும், உடுப்பெல்லாம் கறைபடும். படத்துக்கு இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து அவர் எடுத்த முகங்கள் விளிம்பில் சற்றே கலங்கியவை, நெருக்கமானவை, உயிருள்ளவை. கூர்மையில்லை, தட்டில் கறையுண்டு, கீறலுண்டு என்று புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. இன்று விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனம் 1865 இலேயே அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. 1868 இல் தனது கட்டடத்திலேயே படமெடுக்க இரு அறைகளையும் கொடுத்தது.

கழற்றியதும் அணிவித்ததும்

அக்காலத்து வழக்கமான ஸ்டூடியோவில் ஒருவர் தமது அந்தஸ்தையெல்லாம் உடலில் ஏற்றிக்கொண்டுதான் நிற்பார். தொப்பி, விசிறி, கடிகாரச் சங்கிலி, கையுறை எல்லாம் படத்தில் விழ வேண்டும். ஜூலியா அவற்றைக் கழற்றச் சொன்னார். கூண்டுப் பாவாடையும் நாடாத் தொப்பியும் அவருடைய அறைக்குள் செல்லாது. கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒரு சால்வையையோ கருந்துணியையோ தோளில் சுற்றிவிடுவார். 1867 இல் நண்பர் ஹேர்ஷலைப் படமெடுத்தபோது அந்த முதியவரின் வெண்முடியைக் கழுவிக் கலைத்து, உடலை இருண்ட துணியால் மூடிவிட்டார். அதனால் அந்தப் படத்தில் அறிஞரின் முகம் மட்டுமே இருளில் ஒளிர்கிறது. டெனிசன், கார்லைல், டார்வின் ஆகியோரும் அவருடைய கருவிக்கு முன்னால் அமர்ந்தவர்களே.

அணிகலனை அவர் அடியோடு விலக்கியதில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்தார். 1864 இல் எடுத்த எலன் டெரியின் படத்தைப் பாருங்கள். பதினாறு வயதில், தம்மை விடப் பல மடங்கு மூத்த ஓவியர் ஒருவரை மணந்த நடிகை அவர். சுவரில் சாய்ந்து கண்மூடி நிற்கும் அவருடைய விரல்கள் கழுத்து மாலையைப் பற்றி இழுக்கின்றன. துயரம் என்று அந்தப் படத்துக்குப் பெயர். மாலை அழகுக்காக அங்கே இல்லை. பேச முடியாத பெண்ணின் மனம் அந்த விரல்களிலும் மணிகளிலும் வந்து நிற்கிறது.

வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியருக்கு முக்காடு போட்டுக் கன்னி மரியாளாகப் பல படங்கள் எடுத்தார். தெருவில் கையேந்தி நின்ற நிலையில் கண்டு, வீட்டுக்கு அழைத்து வந்து படிக்க வைத்த மேரி ரயன் என்ற அயர்லாந்துப் பெண்ணை இளவரசியாக்கினார். கண்காட்சியில் வைத்த படத்தில் இப்பெண்ணைப் பார்த்த ஹென்றி கொட்டன் என்ற இந்திய சிவில் அதிகாரி 1867 இல் அவரை மணந்தார். அந்த ஹென்றி கொட்டனே 1904 இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர்.

1874 இல், ஆர்தர் மன்னன் கதையைப் பாடிய தமது காவியத்துக்குப் படங்கள் வேண்டும் என்று டெனிசன் கேட்டார். முடி, கவசம், முகத்திரை என்று பலவற்றையும் திரட்டி, உறவினரையும் அயலாரையும் அணிவித்து நிறுத்தினார் ஜூலியா. கணவர் சார்ல்ஸ் வெண்தாடியோடு மந்திரவாதி மேர்லின் ஆனார். அச்சான நூலில் அப்படங்கள் மரக்கட்டைச் சித்திரங்களாகச் சிறுத்துப்போனதைக் கண்டு மனம் பொறுக்காமல், பெரிய அளவில் தாமே இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றைப் புரட்டும்போது ஆர்தர் காலத்து உடையைப் பார்ப்பதாக எண்ணக்கூடாது. ஆர்தர் காலம் இப்படி இருந்திருக்கும் என்று 1874 இன் மனிதர்கள் கண்ட கனவையே பார்க்கிறோம். பழைய சித்திரத்தில் அணிகலனைத் தேடும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது அணிந்தவருடையதா, அணிவித்தவருடையதா?

இலங்கையில் நான்கு வருடங்கள்

1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டது. மஞ்சள் துகளாகத் தொடங்கிய அந்தப் பங்கசு தோட்டம் தோட்டமாகப் பரவியது. கமரன் குடும்பத்தின் வருமானமும் தளர்ந்தது. இங்கிலாந்தில் செலவு கூடுதல், பிள்ளைகள் சிலர் இலங்கையில், எண்பது வயதுக் கணவருக்கோ இந்த மண்ணின் மேல் தீராத ஆசை. 1875 இல் இருவரும் கப்பலேறினார்கள். தமக்கான சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

களுத்துறையில், களு கங்கை கடலில் சேரும் ஊரில், ஜூலியா மீண்டும் கருவியை எடுத்தார். வெக்கையில் இரசாயனங்கள் படுத்தியிருக்கும். நல்ல தண்ணீரும் வேண்டும். எஞ்சியிருக்கும் இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவு. அவர் எடுத்ததாக அறியப்படும் படங்கள் மொத்தம் ஆயிரத்து இருநூறுக்கும் மேல் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1877 இல் ஆங்கிலத் தாவர ஓவியர் மரியான் நோர்த் களுத்துறை வந்து அவர்களோடு தங்கினார். ஜூலியா அவருடைய கூந்தலை அவிழ்த்து, காஷ்மீரத் துணியால் போர்த்தி, உச்சி வெயிலில் தென்னோலைகள் தலையில் குத்த நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். அதே நாட்களில் நடந்த இன்னொன்றையும் நோர்த் எழுதி வைத்தார். ஜூலியா போர்த்தியிருந்த புல் நிறப் பச்சைச் சால்வையை அவர் மெச்சினார். உடனே ஜூலியா கத்தரிக்கோலை எடுத்து, சால்வையை மூலைக்கு மூலை வெட்டி, பாதியை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய குணத்தைச் சொல்ல இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இலங்கையில் அவர் கருவிக்கு முன்னால் நின்றவர்களில் நம்மவர்களும் உண்டு. தமிழ்த் தொழிலாளர், வேலைக்காரர், களுத்துறைக் கிராமத்தார். இடுப்பில் கை வைத்து, தோளில் சேலையைச் சுற்றி, கழுத்திலும் காதிலும் அணிந்ததோடு நேராகப் பார்க்கும் பெண்கள். இங்கிலாந்துப் படங்களில் இருக்கும் அதே கண்ணியமும் நெருக்கமும் இவற்றிலும் இருக்கின்றன. ஒரு குறை மட்டும் எம்மை உறுத்துகிறது. டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது. வேலைக்காரி மேரி ஹில்லியருக்கும் பெயர் இருக்கிறது. 1878 இல் எடுத்த களுத்துறைக் குழுப் படத்தின் கீழே, சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தந்தை என்று சொல்லும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் ஜூலியா குறிப்பு எழுதினார். வயதைக் கேட்டவர் பெயரை எழுதவில்லை.

1879 ஜனவரி 26 ஆம் திகதி, டிக்கோயாப் பகுதியின் கிளென்கெயன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். வயது அறுபத்து மூன்று. திறந்த சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்து அதன் அழகை வியந்தபடியே உயிர் பிரிந்தது என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். பொகவந்தலாவைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மறு வருடம் சார்ல்ஸும் அவர் பக்கத்தில் சேர்ந்தார். அப்போது எமது பள்ளத்தாக்கில் கோப்பி அழிந்துகொண்டிருந்தது, தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஜூலியாவின் புகழும் சில காலம் மங்கியது. 1926 இல் அவருடைய சகோதரியின் பேர்த்தியான எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப் இன்னொருவரோடு சேர்ந்து அவருடைய படங்களை நூலாக வெளியிட்ட பிறகு உலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது.

எங்கள் வீட்டுப் படங்கள்

இனி எங்கள் பாட்டிமாரிடம் வருவோம். ஜூலியாவுக்குப் பின் கொழும்பு, கண்டி ஸ்டூடியோக்கள் தமிழ்ப் பெண்களை எடுத்து அஞ்சலட்டையாக விற்றன. மூக்குத்தி, அட்டியல், கொப்பு, தண்டை எல்லாம் அவற்றில் உண்டு. வளர்த்துத் தொங்கவிட்ட காதில் தண்டட்டியும் பாம்படமும் உண்டு. கீழே தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள் என்பதற்கு மேல் ஒன்றும் இராது.

அந்தக் காலத்துப் படத்தைப் பார்க்கும்போது சிலவற்றை மனதில் வைப்பது நல்லது. ஈரத்தட்டு முறை நீல ஒளியையே கூடுதலாகப் பிடிக்கும். சிவப்பும் மஞ்சளும் கருமையாக விழும். ஆகவே கறுப்புச் சேலை என்று நாம் நினைப்பது செக்கச் சிவந்த கண்டாங்கியாக இருக்கலாம். பொன் நகையும் ஒளி பட்டு மின்னும் இடம் தவிர மற்ற இடங்களில் இருண்டே தெரியும். மூக்குத்தி தெளிவாக விழுந்து தோடு கலங்கியிருந்தால், அணிந்தவர் மூச்சு விட்டதில் தொங்கட்டான் ஆடியது என்று பொருள்.

படத்தில் விழாத அணிகளும் உண்டு. ஜூலியா சால்வையை வெட்டிக் கொடுத்த அதே காலத்தில், மலைநாட்டில் தோட்டத்தில் பெயர் பதிந்தவருக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். அதன் விலை பற்றுச்சீட்டில் ஏறிச் சம்பளத்தில் கழியும். மழைக்கு அதுவே முக்காடு, இரவுக்கு அதுவே போர்வை, பிள்ளைக்கு அதுவே தொட்டில் துணி. இடுப்பில் கட்டிய படங்கும், தலையில் கயிறு உறுத்தாமல் மடித்துப் போட்ட துணியும் எந்த நகைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் எங்கள் பாட்டிமார் நாள் தவறாமல் அணிந்தவை அவையே.

நகைகளோ படத்தில் மட்டும் மிஞ்சின. எம்மில் எத்தனை பேர் உயர்தரம் படிக்க அட்டனுக்குப் போன பஸ் காசு அம்மாவின் தோட்டிலிருந்து வந்தது! ஈடு வைத்த மாலை மீளவே இல்லை என்று அறிந்தவர்கள் நாம். பழைய படத்தில் அம்மாவின் கழுத்தில் இருந்து, அடுத்த படத்தில் இல்லாமல் போன அட்டியல் எங்கே என்று கேட்டால், எங்கள் சான்றிதழ்களைத்தான் காட்ட வேண்டும்.

மலருக்கு வந்த படங்களிலும் ஜூலியா விட்ட குறையை நாமும் விட்டிருந்தோம். ஒரு வகுப்புப் படத்தில் முன் வரிசை ஆசிரியர்களுக்குப் பெயர் இருக்கிறது. பின்னால் நிற்கும் இரட்டைப் பின்னல் பிள்ளைகளுக்கு மாணவிகள் என்று ஒற்றைச் சொல். அந்த வரிசையில் நிற்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய அக்காமார் இன்று நம்மிடையே சிலரே.

ஆகவே கொழும்பிலும் கண்டியிலும், சென்னையிலும் திருச்சியிலும், லண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் எங்கள் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் பழைய படத்தை எடுங்கள். மென்மையான பென்சிலால் அதன் பின்புறம் பெயரை எழுதுங்கள். பேனையின் மை மறுபுறம் ஊறிவிடும், பென்சிலே நல்லது. யாருடைய அம்மா, எந்தத் தோட்டம், எந்த வருடம், காதில் இருப்பது என்ன நகை, அது பின்னர் எதற்காகப் போனது என்பதையும் எழுதுங்கள். பிரதி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது புனித மரியாள் ஆலய வளவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நாற்பத்தெட்டு வயதில் தொடங்கிப் பெண்ணால் இத்தனை முடியும் என்று காட்டியவர் அங்கே துயில்கிறார். அவர் எழுதாமல் விட்ட பெயர்களை எழுதி வைப்பது இனி எங்கள் வேலை.